பதிவில் இல்லாத மாடுகள்

பொட்டிபுரம்
12.6.1983

என் அருமைத் தம்பி ராஜாராமுக்கு அக்கா வேலுத்தாய் எழுதிக்கொள்வது.

நானும் உன் மச்சானும் பிள்ளை சந்திரவல்லியும் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள் என்பது நீ எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும். நீதான் எழுதுவதே இல்லையே. சர்க்கார் வேலை கிடைத்ததும் கை வீங்கிப் போச்சா? சித்திரைக்கு வருவாய் என்று உன் மச்சான் ஒரு கிடாயை ஒதுக்கி வைத்திருந்தார். நீ வராததில் அந்தக் கிடாய்க்கு மட்டும்தான் சந்தோஷம்.

போன வாரம் இங்கே ஒரு கூத்து நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம். ஊரை ஒட்டிய நம்ம நரிப்பாறைக் கரட்டுக் குன்றை அளக்க ஜீப்பு வருகிறது என்று ராசிங்காபுரத்து ஆள் ஒருவன் முதல் நாளே வந்து காதில் போட்டுவிட்டான். ஜீப்பில் வருகிறவன் மாட்டை எண்ணினால், காட்டில் மேய்த்ததற்கு என்று பின்னாலேயே அபராதம் வரும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். விடிவதற்குள் உன் மச்சான் நம்ம மலைமாடு அத்தனையையும் பத்திக்கொண்டு குரங்கணிப் பக்கம் ஏறிவிட்டார். மற்ற வீட்டுக்காரர்களும் அப்படியே செய்தார்கள். பொம்பளைகள் நாங்கள் மாடு அடைகிற தொழுவைக் கூட்டி, எருக்குமி மேல் சோளத்தட்டையைப் பரத்தி மூடினோம்.

வந்தவர்கள் பார்க்க நல்ல பிள்ளைகளாகத்தான் இருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருத்தர், “இந்தக் கரட்டுல மாடு மேயுதாம்மா?” என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு ஒச்சப்பன் முந்திக்கொண்டு, “மாடா? நாங்க காப்பித்தண்ணிக்குப் பால் வாங்கவே போடிக்குப் போறோம் சார்” என்றான். சிரிப்பு தாங்காமல் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டேன். அவர் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். எல்லாரும் ஒரே பதில்தான். மாடு இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். சாயந்தரம் மாடுகள் இறங்கி வந்து தொழுவுக்குள் நுழைகிறபோது ஊரே சிரித்தது.

போகும்போது கரட்டு உச்சியில் ஒரு நெட்டை இரும்புக் கம்பத்தை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் தலையில் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒச்சம்மாள் மதினி அது ரேடியோ என்கிறாள். உனக்கு இதெல்லாம் தெரியுமே, என்னவென்று எழுது.

உன் அக்கா
வேலுத்தாய்

---

சென்னை
2.7.1983

அன்புள்ள அக்காவுக்கு ராஜாராம் வணங்கி எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அக்கா, அது அபராத ஜீப்பு இல்லை. எங்கள் ஆபீஸ் ஜீப்பு. அந்தக் கண்ணாடிக்காரருக்கு என் பக்கத்து மேஜை. ஒச்சப்பன் அண்ணனைப் பற்றி அவர் வந்து, “பாவம், பாலுக்கே வழியில்லாத ஊர்” என்று என்னிடம் உருகினார். நான் என்னத்தைச் சொல்வது?

கம்பம் காற்றை அளப்பதற்கு. வேகம் போதுமான அளவு இருந்தால் அங்கே காற்றாலை நிறுத்தி மின்சாரம் எடுக்கலாம். மரபுசாரா எரிசக்தி என்று இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அதற்காக போடி மலைச்சரிவு முழுவதற்கும் ஒரே திட்டமாகப் போடுகிறோம். எந்த நிலம் எதற்கு என்று வரைபடத்தில் பிரித்து நிறம் பூசுகிற வேலை என்னுடையது. மேலே ஏலத்தோட்டத்து ஸ்டோர்களில் காய் உலர்த்த எத்தனை லோடு விறகு எரிகிறது என்று உனக்குத் தெரியும். அத்தனையும் சோலைக்காட்டு மரம். இப்படியே போனால் நிழல் போய், ஏலம் போய், கொட்டக்குடி ஆறு மணலாகக் கிடக்கும். அதனால் விறகைக் கீழேயே வளர்ப்பது என்று முடிவு. சும்மா கிடக்கிற கரடுகளில் தைலமரமும் சவுண்டலும் போட்டு, எரிபொருள் தோட்டமாக்கி, மலையை விட்டுவிடுவது.

கரடுகளின் பெயர் கேட்டபோது நரிப்பாறையைச் சொன்னவன் நான்தான். எங்கோ ஓர் ஊருக்குப் போகிற நல்லது நம் ஊருக்கு வரட்டுமே என்று நினைத்தேன். ஆனால் கரட்டில் மாடு மேய்கிறது என்று பதிவாகியிருந்தால், அந்த அளவுக்கு மேய்ச்சல் நிலம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதை எடுப்பார்கள். நீங்கள் எல்லாரும் கூடி இல்லை என்று சாதித்திருக்கிறீர்கள். பரவாயில்லை, நான் பார்த்துத் திருத்திவிடுகிறேன். நீ கவலைப்படாதே.

மச்சானுக்கு என் வணக்கம். சந்திரவல்லியை ஒழுங்காகப் படிக்கச் சொல்.

அன்புத் தம்பி
ராஜாராம்

---

பொட்டிபுரம்
20.10.1983

அன்புத் தம்பி ராஜாராமுக்கு அக்கா எழுதுவது.

இங்கே நல்ல மழை. மலையில் குளிரும் அட்டையும் தாங்காமல் மாடுகள் இறங்கிவிட்டன. இனி தை கழிகிற மட்டும் அவற்றுக்குக் கரடுதான் கதி. நம்ம நெற்றிச்சுட்டிப் பசு இந்த வருஷமும் கிடாரிக் கன்றுதான் போட்டிருக்கிறது. உன் மச்சானைக் கையில் பிடிக்க முடியவில்லை.

நீ போன கடிதத்தில் திருத்துகிறேன் என்று எழுதினாய். அதற்கப்புறம் பேச்சு மூச்சைக் காணோம். போன வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்து கரட்டைச் சுற்றிக் கல் ஊன்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் கம்பி வேலி வருகிறதாம். எந்தப் பக்கம் மாட்டுக்கு விட்டிருக்கிறீர்கள் என்று உன் மச்சான் கேட்டிருக்கிறார். “எந்த மாடு?” என்றானாம் கல் ஊன்றினவன். பக்கத்திலேயே நம்ம காளை நின்று அவனை முறைத்துக்கொண்டிருக்கிறது.

நீயே சொல்லு, அப்பு. கரடு போனால் மழைக்காலத்தில் மாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? மாட்டைத் தவிர நமக்கு வேறு என்ன இருக்கிறது? உன் மச்சான், “மாப்ளே இருக்கான்ல, விடு” என்று எனக்கே தைரியம் சொல்கிறார். எழுதிவிட்டாயா இல்லையா என்று மட்டும் ஒரு வரி போடு.

அக்கா
வேலுத்தாய்

---

சென்னை
5.12.1983

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. ஆபீஸில் மூச்சுவிட நேரமில்லை. மாடு விஷயத்தை நான் மறக்கவில்லை. ஆனால் நீ நினைக்கிறபடி அது பேனாவை எடுத்து அடித்துத் திருத்துகிற காரியமாக இல்லை.

நான் பார்ப்பதற்குள் எல்லாத் தாளும் மேலே போய்விட்டன. போன மாதக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்தார்கள். நரிப்பாறைக்கு, பயன்பாட்டில் இல்லாத நிலம் என்று பழுப்பு நிறம். நரிப்பாறை நடுவில் இருப்பதால்தான் சுற்றியுள்ள கரடுகளும் சேர்ந்து தொடர்ச்சியான பரப்பாக வருகிறது. அதை எடுத்தால் மொத்தமும் கலைந்துவிடும், டெல்லியிலிருந்து பணமும் வராது. எங்கள் ஆபீஸ் பெரியவர் அந்த வரைபடத்தைக் காட்டி என்னை எல்லார் முன்னாலும் பாராட்டினார். அந்த நேரத்தில் நான் எழுந்து என்ன சொல்ல முடியும், சொல்லு.

இன்னொன்றையும் நீ கோபப்படாமல் யோசிக்க வேண்டும். மாடு மேய்கிற கரட்டில் ஒரு செடி தலை தூக்குவதில்லை என்பது உண்மைதானே? இத்தனை மாட்டைக் காட்டிலும் கரட்டிலும் விட்டு வளர்ப்பது இனி எத்தனை நாளைக்கு நடக்கும்? மலைமாட்டைக் குறைத்துவிட்டு, பேங்கில் கடன் வாங்கி, வீட்டிலேயே கட்டி வளர்க்கிற சீமைப்பசு இரண்டு வாங்குங்கள். நான் மனுவைப் பூர்த்தி செய்து தருகிறேன். மச்சானிடம் பக்குவமாகச் சொல்.

அன்புடன்
ராஜாராம்

---

பொட்டிபுரம்
3.1.1984

ராஜாராமுக்கு அக்கா எழுதுவது.

உன் காகிதத்தை உன் மச்சானுக்கு முழுசாக வாசித்துக் காட்டவில்லை. சீமைப்பசு வரைக்கும் வந்துவிட்டு, “ஊருக்கு வாறானாம், வந்து பேசுறானாம்” என்று பொய் சொல்லி மடித்து வைத்துவிட்டேன். உனக்காகப் பொய் சொன்னேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

மலைமாட்டைக் கட்டிப்போடச் சொல்கிறாயே, எந்தக் காலத்தில் அது கயிற்றுக்குள் நின்றது? நீ வேற்றூர்க்காரனா? அய்யா செத்தபோது நீ காலேஜில் இருந்தாய். மாட்டைப் பங்கு போட்டு விற்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். “மாப்ள படிச்சு முடிக்கட்டும், மந்தை ஒண்ணாவே இருக்கட்டும்” என்றவர் உன் மச்சான். அந்தத் தொழுவில் அள்ளிய எருதான் மலைமேட்டில் இருக்கிற ஏலத்தோட்டத்துக்கு லோடு லோடாகப் போய் உன்னைப் படிக்க வைத்தது. “சாணகம் உண்டோ சேச்சி?” என்று கேரளத்து லாரிக்காரன் சாணிக்கு வந்து நிற்பதை நீயே எத்தனை தடவை எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாய். அந்த ஏலத்தோட்டத்தைக் காப்பாற்றத்தான் திட்டம் என்கிறாய், அதற்கு எரு போடுகிற மாட்டை விற்கச் சொல்கிறாய். உன் படிப்பில் இதற்கு என்ன பெயர்?

மாடு கடித்தால் செடி வராதுதான். அதை நான் மறுக்கவில்லை. உன் மச்சானும் மறுக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “வடசரிவு பூராத்தையும் எடுத்துக்கிறட்டும். மரம் வைக்கட்டும், காத்தாடி வைக்கட்டும். தொழு இருக்கிற தென்சரிவை மட்டும் விடச் சொல்லு. ஊரே சேர்ந்து அவங்க மரத்துக்குக் காவல் இருக்கோம்.” இதைவிட ஒரு மனுஷன் எப்படி இறங்கி வருவான்?

பிப்ரவரி பத்தாம் தேதி போடி டிராவலர்ஸ் பங்களாவில் பெரிய அதிகாரி வந்து ஆட்சேபணை கேட்கிறாராம். நாங்கள் போகிறோம். மாடு இல்லை என்று சொன்ன எங்கள் வாயை இனி நம்ப மாட்டார்கள் என்று ராசிங்காபுரத்து வக்கீல் குமாஸ்தா சொல்கிறார். எங்களைத் தவிர வேறு யாராவது சொல்ல வேண்டுமாம். நீ இருக்கிறாயே! நீ வா. மாடு இருக்கு என்று ஒரு வார்த்தை சொல். வேறு எதுவும் உன்னிடம் நான் கேட்கவில்லை, இனிமேலும் கேட்க மாட்டேன்.

அக்கா
வேலுத்தாய்

---

சென்னை
22.1.1984

அன்புள்ள அக்கா,

பத்தாம் தேதி நானும் அதிகாரியுடன் போடிக்கு வருகிறேன். வரைபடத்தை விளக்க என்னைத்தான் அழைத்துப் போகிறார்கள். மச்சானைத் தைரியமாக இருக்கச் சொல். விசாரணை முடிந்ததும் வீட்டுக்கு வந்து உன் கையால் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி ரயிலுக்குப் போகிறேன். மற்றவை நேரில்.

தம்பி
ராஜாராம்

---

பொட்டிபுரம்
18.2.1984

ராஜாராமுக்கு,

எட்டு நாளாக இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பங்களாவில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் நீ காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் எங்கள் பக்கம் என்ன நடந்தது என்பதை நான் சொல்கிறேன்.

உன் மச்சான் வெளுத்த வேட்டி கட்டி வந்திருந்தார். உன்னைப் பார்த்ததும், “அந்தா மாப்ளே உக்காந்திருக்கான் பாரு” என்று எல்லாரிடமும் காட்டினார். நீ நிமிரவில்லை. வேலையாக இருக்கிறாய் என்று அதற்கும் அவரே சமாதானம் சொன்னார். அவர் முறை வந்தபோது எழுந்து கைகட்டி நின்று, “அய்யா, நாங்க அன்னைக்குச் சொன்னது பொய்யிங்க. அபராதத்துக்குப் பயந்து சொல்லிட்டோம். மாடு இருக்குங்க” என்றார்.

“நிலத்தை எடுக்கப் போறோம்னதும் மாடு முளைச்சிருச்சா?” என்றார் அந்த அதிகாரி. எல்லாரும் சிரித்தார்கள். ஊரே சிரித்த நாள் ஒன்று இருந்தது, நான் உனக்கு எழுதினேன். இது அந்தச் சிரிப்பு இல்லை.

“இப்பவே வந்து பாருங்கய்யா, தொழுவுல நிக்கிது.”

“எங்கயாவது பத்திட்டு வந்து நிறுத்தியிருப்பீங்க. ஒரு தடவை பொய் சொன்ன ஊர்தானே?”

அப்போதுதான் அந்த அதிகாரி உன் பக்கம் திரும்பினார். “மிஸ்டர் ராஜாராம், நீங்க இந்தப் பக்கத்து ஆள்தானே? மாடு இருக்கா?”

எனக்கு உயிர் வந்தது. சாமி தானாக வாசலில் வந்து கேட்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த ஒச்சம்மாள் மதினியின் கையைப் பிடித்து நெரித்துவிட்டேன். நீ தாளைப் புரட்டினாய். தேடிப் பார்க்கிற மாதிரி இரண்டு பக்கம் புரட்டினாய். “பதிவில் இல்லை சார்” என்றாய்.

இல்லை என்றுகூட நீ சொல்லவில்லையேடா! இல்லை என்றால் அது பொய். பொய் எங்களுக்குத் தெரியும், நாங்களும் சொன்னவர்கள்தான், பயந்துபோய்ச் சொன்னோம். நீ சொன்னதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ளவா மதுரைக்கும் மெட்ராசுக்கும் போனாய்?

வெளியே வந்ததும் உன் மச்சான் என்ன சொன்னார் தெரியுமா? “அவனுக்கு என்ன நெருக்கடியோ, வீட்டுக்கு வரட்டும், வைய வேண்டாம்” என்றார். அதனால்தான் கோழி அடித்தேன். சந்திரவல்லி தெரு முக்குக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். உன் ஜீப்பு நம்ம ஊர் விலக்கில் திரும்பாமல் தாண்டிப் போனதை பஸ்சில் வந்தவர்கள் சொன்னார்கள். பிள்ளை சாப்பிடவில்லை. நான் பரிமாறின சோற்றை உன் மச்சான் தின்றார், நீ வராததற்கு என் மேல் கோபம் என்று நான் நினைத்துக்கொள்ளக் கூடாதாம்.

அடுத்த வாரம் வேலி போடுகிறார்கள்.

வேலுத்தாய்

---

சென்னை
4.3.1984

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதெல்லாம் நியாயம். என் நியாயத்தையும் ஒரு நிமிஷம் கேள்.

இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்ன? யாருடைய மாடு என்பதுதான். என் அக்காவுடையது, அதில் பாதி என் அய்யா விட்டுப்போனது என்று சொல்ல வேண்டும். சொந்தக்காரனுக்காக வரைபடத்தை மாற்றினான் என்ற பெயரோடு அந்த ஆபீஸில் எப்படி உட்காருவேன்? நான் அந்த மேஜையில் உட்கார்ந்தது பதினைந்து ஊருக்காக. ஒரு தொழுவுக்காக இல்லை. மலை பிழைத்தால் எல்லாரும் பிழைப்பார்கள். இதை நான் வேலைக்காகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வராதது தப்புதான். உன் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. தென்சரிவு பற்றி மச்சான் சொன்னதைப் பெரியவரிடம் தனியாகச் சொன்னேன். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார். ஐந்து வருஷம் போகட்டும், நரிப்பாறை பச்சையாக நிற்கும்போது நீயே என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாய்.

பதில் எழுது அக்கா.

உன் தம்பி
ராஜாராம்

---

சென்னை
14.11.1984

அன்புள்ள அக்கா,

நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. தீபாவளிக்கு அனுப்பிய துணி திரும்பி வந்துவிட்டது. சந்திரவல்லிக்கு எடுத்த பாவாடையையாவது வாங்கிக்கொண்டிருக்கலாம். அவள் என்ன தப்புச் செய்தாள்?

வேலி போட்ட பிறகு மாடுகளை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று யாரைக் கேட்டாலும் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். மச்சானாவது ஒரு கார்டு போடக்கூடாதா?

ராஜாராம்

---

சென்னை
9.8.1986

அன்புள்ள அக்காவுக்கு ராஜாராம் வணங்கி எழுதுவது.

இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன். நல்ல செய்தி ஒன்று இருப்பதால் எழுதும் தைரியம் வந்தது. போடி மலைச்சரிவுத் திட்டத்தைத் திருத்தி எழுதுகிறோம். மூட்டை உரம் போட்டுப் போட்டு ஏலத்தோட்ட மண் கெட்டுவிட்டது, தொழு எருதான் சிறந்தது என்று இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். சாண எரிவாயுவுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். மலைமாட்டுத் தொழுக்களை ஆதரிக்க வேண்டும் என்று ஓர் அத்தியாயமே வருகிறது. அதை எழுதும் பொறுப்பை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். உனக்கும் மச்சானுக்கும் நான் செய்ய வேண்டியதைச் செய்ய இதுதான் வழி என்று நினைத்தேன்.

தொழு எப்படி நடக்கிறது என்பதை மச்சானிடம் கேட்டு விவரமாக எழுது. எந்த மாதம் மலையேறும், எந்த மாதம் இறங்கும், எருவை எப்படிக் குமிக்கிறோம், மலைமேட்டுத் தோட்டத்துக்கு எப்படிப் போகிறது, எல்லாம் வேண்டும். மச்சான் மாடுகளோடு தொழு முன்னால் நிற்கிற மாதிரி போடியிலிருந்து ஆள் கூட்டி வந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் புத்தகத்தின் அட்டையிலேயே போட்டுவிடலாம்.

இந்த முறை தென்சரிவை நான் விட்டுத்தர மாட்டேன், அக்கா. இது சத்தியம்.

உன் தம்பி
ராஜாராம்

---

பொட்டிபுரம்
30.8.1986

ராஜாராமுக்கு வேலுத்தாய் எழுதுவது.

உன் காகிதம் வந்தது. உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். தொழு எப்படி நடக்கும் என்று கேட்டிருக்கிறாய். தெரியாதவன் கேட்டால் உட்கார வைத்துச் சொல்லலாம். மீசை முளைக்கிற வரைக்கும் அதே தொழுவில் கட்டில் போட்டுப் படுத்தவனுக்கு நான் என்ன சொல்ல?

போட்டோ எடுக்க மாடு இல்லை. இந்த முறை நிஜமாகவே இல்லை. வேலி போட்ட வருஷம் மழைக்கு இறங்கி வந்தவை கம்பியை ஒட்டியே நின்றன. உள்ளே தொழு இருக்கிறது, வழி மட்டும் இல்லை. ஊரார் விதைப்புக்குள் விழுந்து, ஊர்ச்சண்டையாகிவிட்டது. நனைந்து நின்றே சில செத்தன. மிச்சத்தைத் தையில் கேரளத்து லாரிக்கு விற்றோம், எதற்கு வாங்குகிறார்கள் என்று தெரிந்தேதான் விற்றோம். கயிறு போட்டுப் பழக்கமில்லாத மாடு. பத்துப் பேர் சேர்ந்து மடக்கிக் கயிறு போட்டார்கள். நெற்றிச்சுட்டிப் பசு லாரிப் பலகையில் ஏறாமல் காலை ஒடித்துக்கொண்டது. அதற்கப்புறம் தூக்கி வைப்பது சுலபமாகிவிட்டது. உன் மச்சான் வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதார். அய்யா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

கரடு பச்சையாக நிற்கிறதா என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தைலங்கன்று பாதிக்கு மேல் கருகிவிட்டது. சீமைக்கருவேல்தான் தன்னால் வந்து அடைத்துக் கிடக்கிறது. காற்று போதாது என்று சொல்லிக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். விறகுக்கு மேலே அதே சோலைமரம்தான் இன்னும் போகிறது. உன் மச்சானுக்கு வேலிக்குள்ளேயே வாட்ச்மேன் வேலை. ஆடு மாடு வந்தால் துரத்துவதுதான் சோலி. ஒச்சப்பனின் ஆட்டைத் துரத்தினார் என்று ஒச்சப்பன் எங்களோடு பேசுவதில்லை. அவரைக் காக்கிச் சட்டையோடு நிறுத்தி வேண்டுமானால் போட்டோ எடுத்துக்கொள்.

இன்னொரு செய்தி. ஆனி மாதம் சந்திரவல்லி பெரிய மனுஷி ஆனாள். பிள்ளை சமைந்தால் முதல் தகவல் தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும் என்பதும், அவன் வந்து பச்சை ஓலை வெட்டிக் குச்சுக் குடிசை கட்டுகிற மட்டும் பிள்ளை வெளியே ஓரமாக உட்கார்ந்திருக்கும் என்பதும் உனக்கு மறந்திருக்காது. “மாப்ளைக்குத் தந்தி குடுத்துரட்டுமா?” என்று உன் மச்சான்தான் கேட்டார். இத்தனைக்கும் பிறகு அந்த மனுஷன்தான் கேட்டார். சட்டையைக்கூட மாட்டிக்கொண்டு நின்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சித்தப்பா மகன் சோணையைக் கூப்பிட்டேன். அவன் வந்து குச்சுக் கட்டினான். சீர் எடுத்து வருகிறபோது, “கூடப் பொறந்த மாமன் மெட்ராசுல இருக்காராம்ல ஆத்தா, எங்க காணோம்?” என்று போடியிலிருந்து வந்த கிழவி ஒருத்தி சபையில் வைத்துக் கேட்டாள். “எனக்குக் கூடப் பொறந்தவன் யாரும் இல்ல” என்றேன். குச்சுக்குள்ளிருந்து சந்திரவல்லி எட்டிப் பார்த்தாள்.

அவள் கல்யாணத்துக்காவது சொல்லிவிடு என்று நீ எழுதுவாய். சொல்ல மாட்டோம். குச்சுக் கட்டிய சோணைதான் அவளுக்கு மாமன், கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். உன் அத்தியாயத்தை நீ எழுதிக்கொள். தென்சரிவை வாங்கினால் வேறு யாருக்காவது கொடு. இதையெல்லாம் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் இருந்த வரைக்கும் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

வேலுத்தாய்